‘சாப்பிட்டாச்சு’ என்று சொல்கிற பிள்ளை: உண்ணும் கோளாறுகளைப் பற்றி

சித்தியின் மகள் உயர்தரம் படிக்க வவுனியாவிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில்தான் தங்கியிருந்தாள். இரண்டாம் வருடம், சித்திரை மாத வெயிலில், நாங்கள் எல்லோரும் ஃபானுக்குக் கீழே இருந்தும் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், முழுக்கைச் சட்டைக்கு மேலே ஒரு ஜேர்சியையும் போட்டுக்கொண்டு வந்து நின்று, "அக்கா, ஃபானை நிப்பாட்டட்டா, குளிருது" என்று கேட்டாள். கொழும்பில், ஏப்ரலில், குளிர்கிறதாம். அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். நித்திரை முழித்துப் படிக்கிற பிள்ளை, உடம்பு பலவீனமாகிவிட்டது என்று அம்மா சொன்னார், நானும் அப்படியே நம்பிவிட்டேன். அதற்கு எட்டு மாதத்துக்குப் பிறகு காலி வீதியில் பஸ்ஸுக்குள் அவள் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கு இந்த நோயின் பெயரே தெரிய வந்தது. அவளிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். அந்த எட்டு மாதத்தில் எங்களுக்குத் தெரியாமல் இருந்ததை இன்னொரு வீடு முன்பே தெரிந்து வைத்திருந்தால் நல்லது என்று அவளும் சொன்னாள்.

முதலில் பெயர். உண்ணும் கோளாறு என்கிறோம், உணவுக் கோளாறு என்றும் சிலர் எழுதுகிறார்கள். கேட்டால் ஏதோ செமிபாட்டுப் பிரச்சினை போல இருக்கும். ஆனால் இது மன நோய். மனச்சோர்வு, பதற்றம் எல்லாம் இருக்கிற அதே குடும்பத்தைச் சேர்ந்தது, மனதில் தொடங்கி இதயம், எலும்பு வரைக்கும் போகக்கூடியது. "அடம்", "ஸ்டைலுக்குப் பட்டினி கிடக்கிறாள்", "வாயைக் கட்டத் தெரியாதவன்" என்பதெல்லாம் வெளியில் நின்று பார்க்கிறவர்கள் வைக்கிற பெயர்கள். உள்ளே பெரும்பாலும் இருப்பது பயம்: நிறை கூடிவிடும் என்ற பயம், அந்தப் பயத்தை அடக்கத் தனக்குத்தானே போட்டுக்கொள்கிற சட்டங்கள், சட்டம் ஒன்று உடைந்தால் வருகிற குற்ற உணர்வு, அந்தக் குற்ற உணர்விலிருந்து தப்ப இன்னும் கடுமையான சட்டம். இப்படியே சுற்றும்.

நம் வீடுகளில் இது ஒளிந்துகொள்ள நிறைய இடம் உண்டு. நாங்கள் ஒருவரை ஒருவர் சுகம் விசாரிப்பதே "சாப்பிட்டனியோ" என்றுதான். அதற்குப் பதில் "ஓம், சாப்பிட்டாச்சு". அவ்வளவோடு கேட்ட ஆளுக்கும் நிம்மதி. ரியூசனில் சாப்பிட்டாச்சு, சிநேகிதி வீட்டில் சாப்பிட்டாச்சு, ரியூசன் முடிந்து வரும்போது ரோல்ஸ் ஒன்று வாங்கிச் சாப்பிட்டாச்சு. எங்கள் வீட்டு மேசையில் அவள் சாப்பிட இருந்த நாட்களிலும், பிறகு யோசித்துப் பார்த்தால், இடியப்பத்தைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, சொதியில் தொட்டு, தட்டின் ஒரு கரையிலிருந்து மறு கரைக்குத் தள்ளிக்கொண்டே இருப்பாள். கதையும் கலகலப்புமாக இருக்கும். அம்மா எழும்பிக் குசினிக்குள் போய் வரும்போது இரண்டு இடியப்பம் டிஷ்யூவுக்குள் போயிருக்கும். அந்த டிஷ்யூ உருண்டைகளை அவளுடைய புத்தகப் பையின் அடியில் பிறகுதான் கண்டோம், காய்ந்து கல்லாகியிருந்தன.

அவளுக்கு வந்தது அனோரெக்சியா நெர்வோசா. 1873இல் லண்டனில் வில்லியம் கல் என்ற வைத்தியர் வைத்த பெயர் அது. அதே வருடம் பாரிசில் லசேக் என்ற வைத்தியரும் இதே நோயைப் பற்றி எழுதினார். அதாவது இன்ஸ்டகிராமுக்கும் மெலிந்த மொடல்களுக்கும் எத்தனையோ காலம் முந்திய நோய். அனோரெக்சியா என்ற சொல்லுக்கு ‘பசியின்மை’ என்று பொருள். அந்தப் பெயரில்தான் பெரிய குழப்பமே இருக்கிறது, ஏனென்றால் இந்த நோயில், முக்கியமாகத் தொடக்கத்தில், பசி போவதில்லை. பசிக்கிறது, பயங்கரமாகப் பசிக்கிறது, அந்தப் பசியை வெல்வதைத்தான் அந்தப் பிள்ளை தன் ஒரே வெற்றியாக நினைத்துக்கொண்டிருக்கிறாள். உடம்புக்குத் தேவையானதை விட மிகக் குறைவாகச் சாப்பிடுவது, நிறை கூடுவதைப் பற்றிய கடும் பயம், கண்ணாடியில் தன் உடம்பை உள்ளபடி பார்க்க முடியாமல் போவது, இந்த மூன்றும் சேர்ந்தால் அனோரெக்சியா. "நீ எலும்பும் தோலுமாக இருக்கிறாய்" என்று நாம் சொன்னால் அவள் பொய் என்றுதான் நினைப்பாள், அவளுக்குத் தெரிவது வேறு.

இந்த இடத்தில் ஒரு பழைய ஆராய்ச்சியைச் சொல்ல வேண்டும், எனக்கு இந்த நோயை விளங்க வைத்ததே அதுதான். 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர், போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்களை, அவர்களுடைய சம்மதத்தோடு, ஆறு மாதம் அரைப்பட்டினி போட்டார். போரில் பட்டினி கிடந்த மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதுதான் நோக்கம். எல்லோரும் நல்ல சுகதேகிகள், மன நோய் இல்லாதவர்கள். சில மாதங்களில் அவர்களுக்குச் சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போனது. சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள், ஒரு தட்டுச் சாப்பாட்டை மணிக்கணக்காக வைத்துச் சாப்பிட்டார்கள், எரிந்து விழுந்தார்கள், மனம் சோர்ந்துபோனார்கள், கோடை காலத்திலும் குளிர்கிறது என்றார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஜேர்சி ஞாபகம் வந்தது. அவள் இரவிரவாக யூரியூப்பில் சமையல் வீடியோ பார்த்ததும், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்குக் கேக் அடித்துத் தந்துவிட்டுத் தான் ஒரு துண்டும் தொடாமல் நாங்கள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்ததும் ஞாபகம் வந்தது. இவ்வளவு ஆசையாகச் சமைக்கிற பிள்ளைக்குச் சாப்பாட்டில் என்ன பிரச்சினை இருக்கப்போகிறது என்று அம்மா அப்போது சொன்னார். பட்டினி கிடக்கிற மூளை அப்படித்தான் நடக்கும். அதனால் பிடிவாதம், எரிச்சல், ஒதுங்கியிருத்தல் எல்லாவற்றையும் பிள்ளையின் குணம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பாதிக்குப் பாதி பட்டினியின் வேலை.

உடம்பில் தெரிபவை: எப்போதும் குளிர்வது, தலைமுடி கொட்டுவது (குளியலறை வடிகாலைப் பார்த்தால் தெரியும்), கையிலும் முகத்திலும் பூனைமயிர் போல மெல்லிய முடி வளர்வது, மாதவிடாய் நின்றுபோவது, எழும்பும்போது தலைச்சுற்று, நாடித் துடிப்பு மெதுவாவது. தெரியாதது எலும்பு. எலும்பு பலப்பட வேண்டிய வயதில் அது மெலிந்துபோகிறது, பிறகு முழுதாகத் திரும்பக் கிடைக்காமலும் போகலாம். மன நோய்களிலேயே உயிராபத்து மிகக் கூடியவற்றில் அனோரெக்சியாவும் ஒன்று. சிலருக்கு இதயம் தாங்காமல் போகிறது, சிலர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கிறார்கள். பயமுறுத்த இதை எழுதவில்லை, "வயசுக் கோளாறு, தானாச் சரிவரும்" என்று நாங்கள் காத்திருந்ததுபோல யாரும் காத்திருக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

அடுத்தது புலிமியா. ஜெரால்ட் ரசல் என்ற வைத்தியர் 1979இல் இதைத் தனி நோயாக விவரித்தார். குறுகிய நேரத்தில், நிறுத்த முடியாமல், அளவுக்கு மிஞ்சிச் சாப்பிட்டுவிட்டு, பிறகு பதறிப்போய் அதை எப்படியாவது ஈடுகட்டப் பார்ப்பது. சிலர் சத்தி எடுப்பார்கள், சிலர் பேதி மாத்திரை, சிலர் அடுத்த இரண்டு நாளும் பட்டினி, சிலர் விழுந்து விழுந்து உடற்பயிற்சி. இந்த நோயில் ஆள் மெலிய வேண்டும் என்றில்லை, அநேகமாக மெலிவதும் இல்லை, அதனால்தான் வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் வருடக்கணக்காக ஓடும். முதலில் கண்டுபிடிப்பது பல் வைத்தியராகவும் இருக்கலாம், வயிற்று அமிலம் பல்லின் மேற்பூச்சை அரித்துவிடுவதால். சாப்பிட்ட உடனே பாத்ரூமுக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுவது, கன்னம் இரண்டும் வீங்கியிருப்பது, விரல் மூட்டுகளில் காயம், இவையெல்லாம் அறிகுறிகள். இரத்தத்தில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பு குழம்பும், ஆள் பார்க்க நல்ல ஆரோக்கியமாக இருக்கும்போதே.

மூன்றாவது, அடக்க முடியாத உண்ணல், பிஞ்ச் ஈட்டிங் என்பார்கள். புலிமியாவில் வருகிற அதே கட்டுப்பாடற்ற சாப்பாடு, ஆனால் ஈடுகட்டுவது இல்லை. பசி இல்லாதபோதும், வயிறு நோகும்வரைக்கும், தனியாக, மற்றவர்கள் படுத்த பிறகு, குளிர்சாதனப் பெட்டிக்கு முன்னால் நின்றபடி. முடிந்ததும் தாங்க முடியாத வெட்கம். 2013இல்தான் அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேட்டில் இது தனி நோயாக இடம்பிடித்தது, ஆனால் முதலில் சொன்ன இரண்டையும் விட இதுதான் பரவலானது. இவர்களுக்கு நாங்கள் செய்கிற அநியாயம் கொஞ்சநஞ்சம் இல்லை. "வாயைக் கட்டு" என்று சொல்கிறோம், டயட் எழுதிக் கொடுக்கிறோம், பகல் முழுக்க அந்த டயட்டில் கிடந்து இரவில் உடைந்துபோகிறார்கள். ஆள் குண்டாக இருக்கிறார் என்பதற்காக அவருக்கு உண்ணும் கோளாறு இல்லை என்று யாரும் முடிவுகட்ட முடியாது, அனோரெக்சியாவின் எல்லாக் குணமும் இருந்தும் நிறை சாதாரணமாக இருக்கிறவர்களும் உண்டு.

இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில பிள்ளைகள் (பெரியவர்களும்தான்) சாப்பாட்டின் மணம், வழுவழுப்பு தாங்காமலோ, ஒருமுறை தொண்டையில் சிக்கிய பயத்திலோ நாலைந்து வகைச் சாப்பாட்டைத் தவிர மற்றதைத் தொடவே மாட்டார்கள். உடம்பைப் பற்றிய கவலை இதில் இல்லை, ஆனால் வளர்ச்சி நின்றுபோகும் அளவுக்குப் போகலாம். இதற்கு ஆர்ஃபிட் என்று பெயர். அப்புறம் பைகா. மண், வெண்கட்டி, சுவர்ச் சுண்ணாம்பு என்று சாப்பாடு அல்லாததைத் தின்பது. கர்ப்பிணிகளிலும் சின்னப் பிள்ளைகளிலும் கண்டால் அடிக்கவும் ஏசவும் வேண்டாம், முதலில் இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைவா என்று பாருங்கள்.

சரி, ஏன் வருகிறது? ஒரே காரணம் என்று ஒன்று இல்லை. பரம்பரைக்குக் கணிசமான பங்கு இருக்கிறது என்று இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. எதையும் நூற்றுக்கு நூறு சரியாகச் செய்ய வேண்டும் என்ற குணம், பதற்றம், கேலி, வன்முறை அனுபவம், ஒரு சாதாரண டயட், இவற்றில் எதுவும் தொடக்கமாக இருக்கலாம். பெற்றோரின் வளர்ப்புப் பிழை என்று பழி போடுகிற காலம் போய்விட்டது. ஆனால் சுற்றியுள்ள உலகத்துக்கும் பங்கு இருக்கிறது. பிஜித் தீவில் நட்ரோகா என்ற பகுதிக்கு 1995இல்தான் தொலைக்காட்சி வந்தது. ஆன் பெக்கர் என்ற ஆராய்ச்சியாளர் அந்த வருடம் அங்குள்ள பள்ளி மாணவிகளிடம் கேட்டபோது, நிறையைக் குறைக்கச் சத்தி எடுப்பதாக ஒருத்தியும் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து 1998இல் கேட்டபோது நூற்றுக்கு 11 பேர் அளவில் அப்படிச் சொன்னார்கள். கொழுகொழு உடம்பை அழகென்று கொண்டாடிய ஊர் அது.

நமக்கு ரீவி கூடத் தேவையில்லை. சாமத்திய வீட்டில் பிள்ளையை மேடையில் இருத்தி, பத்துச் சாறி மாற்றி, அல்பம் அடித்து, அதைப் பார்த்து "இதில கொஞ்சம் குண்டாத் தெரியிறாள்" என்று பக்கத்திலேயே வைத்துச் சொல்வோம். வெள்ளவத்தைச் சந்தையில் கண்ட அன்ரி "சுகமா" என்று கேட்பதற்கு முதல் "என்ன பிள்ளை, மொத்தமா வந்திட்டாய்" என்பார். என் தங்கச்சிக்கு (சித்தி மகளை அப்படித்தான் சொல்லிப் பழக்கம்) தொடக்கமே அப்படி ஒரு வசனம்தான், ஆறு மாதத்தில் அதே ஆள் "இப்பதான் வடிவு" என்றாராம். அந்த இரண்டாவது வசனத்தைத்தான் அவளால் கடைசிவரை விட முடியவில்லை. இது பெட்டைகளின் நோய் என்றும் நினைக்க வேண்டாம். ஜிம்முக்குப் போய்வந்து, முட்டை வெள்ளையை எண்ணித் தின்று, ஒரு நாள் பயிற்சி தவறினால் நிலைகொள்ளாமல் தவிக்கிற பெடியனும் இதே வட்டத்துக்குள் இருக்கலாம், அவனிடம் யாரும் கேட்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

விரதத்தைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எங்கள் வீட்டில் அதுதான் கடைசி மறைவிடம். வெள்ளி விரதம், பிறகு செவ்வாயும், கேதார கௌரி 21 நாள், கந்தசஷ்டி 6 நாள். பக்தியான பிள்ளை என்று அம்மம்மா வவுனியாவிலிருந்து போனில் மெச்சினார். விரதம் பிடிக்கிறவர்களை யாரும் நோயாளி என்று சொல்ல முடியாது. வித்தியாசம் பாறணை அன்றைக்குத் தெரியும். விரதம் பிடித்தவர் பாறணைச் சோற்றை ஆசையோடு எதிர்பார்ப்பார், நோன்பு பிடித்தவர் நோன்பு திறக்கும் நேரத்தை எதிர்பார்ப்பது போல. நோய் பிடித்த பிள்ளைக்குப் பாறணைதான் பயம். அவள் அன்று காலையில் தலையிடி என்று படுத்துக்கொண்டாள், பத்து மரக்கறியோடு அம்மா சமைத்து வைத்த சோறு அப்படியே ஆறிக் கிடந்தது. 2022இல் விலைவாசி ஏறிப் பல வீடுகளில் சாப்பாட்டைக் குறைத்தபோதும் இதே மாதிரித்தான், "எனக்கு வேண்டாம், தம்பிக்குக் குடுங்கோ" என்ற பிள்ளைகளில் ஒரு சிலருக்கு உள்ளே வேறு கதை இருந்திருக்கும்.

இந்த நோய் பெரும்பாலும் தனியாக வருவதும் இல்லை. மனச்சோர்வு கூட வரும். எதிலும் பிடிப்பில்லாமல், நித்திரை கெட்டு, வாழ்ந்து என்ன என்ற எண்ணம் வரைக்கும் போகும். பதற்றக் கோளாறு வரும். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யாவிட்டால் நிம்மதி வராத எண்ணச் சுழற்சி நோயும் வரும். தட்டில் ஒன்றோடொன்று முட்டாமல் சாப்பாட்டை வைப்பது, பருக்கையை எண்ணுவது போன்றவை எதில் சேர்த்தி என்று வைத்தியருக்கே பிரித்துப் பார்க்க நேரமெடுக்கும். மறுபக்கமும் உண்டு: மனச்சோர்வு மட்டும் இருந்தாலும் பசி போகும், தைரொயிட், காசநோய், நீரிழிவு போன்றவற்றாலும் ஆள் மெலியலாம். அதனால் முதல் படி முழுமையான உடல் பரிசோதனை. எங்களுக்கு முதலில் கிடைத்த வைத்தியர் விற்றமின் எழுதித் தந்து "நல்லாச் சாப்பிடம்மா" என்று அனுப்பிவிட்டார். அப்படி நடந்தால் மனம் விட வேண்டாம், இன்னொருவரிடம் போங்கள். போகும்போது "பசியில்லை" என்று சொல்லாமல், "சாப்பிடப் பயப்படுகிறாள், மறைக்கிறாள், மாதவிடாய் நின்று இத்தனை மாதம்" என்று கண்டதைக் கண்டபடி சொல்லுங்கள்.

அதற்கு முதல் பிள்ளையோடு கதைக்க வேண்டும். சாப்பாட்டு மேசையில் வேண்டாம், அது போர்க்களம். வேறொரு நேரத்தில், பக்கத்தில் இருந்து, உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்காமல், "கொஞ்ச நாளா உனக்கு நிறையப் பயமா இருக்கிற மாதிரித் தெரியுது, என்னட்டச் சொல்லு" என்று தொடங்கலாம். முதல் தடவை கோபம்தான் வரும், "எனக்கு ஒண்டுமில்லை" என்று கதவைச் சாத்துவாள். இரண்டு நாள் விட்டுத் திரும்பக் கேளுங்கள். அம்மா செய்ததுபோல வாய்க்குள் தீத்தப் போகாதீர்கள், "உன்னால எனக்கு பிரஷர் ஏறுது" என்று அழவும் வேண்டாம். நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்புக்கு ஒரேயடியாக நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பொஸ்பேட் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால்தான் மிகவும் மெலிந்தவர்களை வைத்தியசாலையில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டைக் கூட்டுகிறார்கள்.

சிகிச்சை இருக்கிறது, குணமாகிறவர்கள் நிறையப் பேர். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு அதிகம் பலன் தருவது குடும்பத்தைச் சேர்த்துச் செய்கிற சிகிச்சை. லண்டனில் மோட்ஸ்லி வைத்தியசாலையில் உருவானது. வைத்தியரின் வழிகாட்டலோடு, கொஞ்சக் காலத்துக்குச் சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோர் முழுதாகக் கையில் எடுப்பார்கள், பிள்ளை தேறத் தேறப் படிப்படியாகத் திருப்பிக் கொடுப்பார்கள். புலிமியாவுக்கும் அடக்க முடியாத உண்ணலுக்கும் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றுகிற உளச் சிகிச்சை நன்றாக வேலை செய்கிறது, புலிமியாவுக்கு ஃப்ளூவொக்செற்றீன் என்ற மாத்திரையும் உதவும். அனோரெக்சியாவுக்கு இப்படி ஒரு மாத்திரை இல்லை, அதற்குச் சாப்பாடுதான் மருந்து, அதோடு நிறையப் பொறுமை. எல்லாவற்றிலும் முதல் பாடம் ஒன்றுதான்: நேரத்துக்கு நேரம், ஒரு வேளையும் விடாமல் சாப்பிடுவது.

கொழும்பில் எங்கே போவது? அரச வைத்தியசாலைகளின் மனநல கிளினிக்குகளில் காசு தேவையில்லை, ஓ.பி.டி.யில் சொல்லி அங்கே அனுப்பச் சொல்லிக் கேட்கலாம். ஆரிடம் பேசுவதென்றே தெரியாவிட்டால் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், தமிழிலும் பேசலாம். அந்த நிறுவகம் அங்கொடையில் இருக்கிறது என்பதால் எங்கள் சித்தி முதலில் பயந்தார், "அங்கொடைக்குப் போனது தெரிஞ்சா நாளைக்குக் கலியாணம் பேச முடியுமோ" என்று. அந்தப் பயத்தில் மட்டும் இரண்டு மாதம் போனது. மயக்கம், நெஞ்சு நோ, நிற்க முடியாத பலவீனம், சாக வேண்டும் என்ற பேச்சு, இவற்றில் ஒன்று வந்தாலும் கிளினிக் நாள் வரைக்கும் காத்திருக்க வேண்டாம், உடனே அவசரப் பிரிவு. சுவசெரிய அம்புலன்ஸின் இலக்கம் 1990.

தேறுவதற்கு மாதங்கள் இல்லை, வருடங்கள் எடுக்கும், நடுவில் திரும்பவும் சறுக்கும். அப்படித் தேறி வந்த பிள்ளையைப் பார்த்துச் சொந்தக்காரர் அன்போடு சொல்வது "இப்பதான் நல்லா வந்திருக்கிறாய்". அவள் காதில் விழுவது "குண்டாகிவிட்டாய்". போன ஆவணியில் பம்பலப்பிட்டியில் ஒரு கலியாண வீட்டுக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போவதற்கு முதல் நாள் இரவு, அம்மா கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு ஒவ்வொருவருக்காய் போன் எடுத்தார். "பிள்ளையின்ர உடம்பைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்க வேண்டாம், நல்லதாயும் வேண்டாம், கெட்டதாயும் வேண்டாம்." பதினேழு பேர். அடுத்த நாள் மண்டபத்து வாசலில் பெரிய மாமி அவளைக் கண்டதும் வாயைத் திறந்தார், ஒரு நொடி நின்றார், பிறகு கையைப் பிடித்துக்கொண்டு, "வா பிள்ளை, கம்பஸ் எப்பிடிப் போகுது, வந்து எனக்குப் பக்கத்தில இரு" என்றார்.